‘பேட்டட்’ என்ற சொல்லுக்கு இன்னும் ஒரு வரி: அகராதி தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளைத் தொகுக்கும் ஆசிரியர்களுக்கும், அவற்றைத் திருத்தி மறுபதிப்பு கொண்டுவரும் பதிப்பகத்தாருக்கும் வணக்கம்.

ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன். ‘வித் பேட்டட் பிரெத்’ (with bated breath) என்ற தொடரில் வரும் ‘பேட்டட்’. இன்றைய ஆங்கிலத்தில் ‘பிரெத்’ (மூச்சு) என்ற சொல்லை விட்டால் இந்த அடைமொழிக்கு வேறு துணை கிடையாது. தேர்தல் முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்டைப் பற்றியும், கடைசி ஓவரைப் பார்க்கும் கூட்டத்தைப் பற்றியும் எழுதும்போது நிருபர்கள் கை தானாக இதற்குப் போகும். உங்கள் அகராதிகளில் தேடினால் ‘மூச்சைப் பிடித்துக்கொண்டு’, ‘மிகுந்த ஆவலோடு’ என்ற ரீதியில் பொருள் கிடைக்கிறது. இன்றைய வழக்குக்கு அது சரி. ஆனால் அந்தப் பொருளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இந்தத் தொடர் முதலில் அச்சேறிய இடத்தைப் படிக்கப் போகிறவர் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்பார்.

அந்த இடம் ‘வெனிஸ் வணிகன்’, முதல் அங்கம், மூன்றாம் காட்சி. ஷேக்ஸ்பியர் 1590களின் பிற்பகுதியில் எழுதியது, 1600-இல் அச்சானது. அன்டோனியோ என்ற பெரிய வணிகர் நண்பனுக்காக மூவாயிரம் டுகாட் பொற்காசு கடன் கேட்டு ஷைலக் என்ற யூதரிடம் வருகிறார். இதே அன்டோனியோதான் ரியால்டோ சந்தையில் ஷைலக்கை நாய் என்று திட்டியவர், அங்கியில் காறித் துப்பியவர். இப்போது பணம் வேண்டும். ஷைலக் கேட்கிறார்: நான் என்ன செய்ய வேண்டும்? குனிந்து, அடிமையின் குரலில், ‘பேட்டட்’ மூச்சோடு, குசுகுசுவென்று பணிவாக, “ஐயா, போன புதன்கிழமை என் மேல் துப்பினீர்கள், இன்னொரு நாள் உதைத்தீர்கள், வேறொரு நாள் நாய் என்றீர்கள், இந்த மரியாதைகளுக்காக உங்களுக்கு இவ்வளவு பணம் கடன் தருகிறேன்” என்று சொல்லட்டுமா?

இதில் ஆவல் எங்கே இருக்கிறது? யாரும் எதற்கும் காத்திருக்கவில்லை. வலியவர் முன்னால் எளியவர் மூச்சைக்கூட அளந்து விட வேண்டியிருக்கிற நிலைமையை ஷைலக் நடித்துக் காட்டிக் குத்துகிறார். நம்மிடம் இதற்குச் சொல் இல்லாமலா போயிற்று? ‘கைகட்டி வாய்பொத்தி’ என்கிறோமே. வாயைப் பொத்தியதே, எதிரில் நிற்கும் பெரிய மனிதர் மேல் தன் மூச்சுக்காற்று பட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தானே. ஆங்கிலத் தொடருக்கும் தமிழ்த் தொடருக்கும் இப்படி அச்சு அசலாகப் பொருத்தம் அமைவது அபூர்வம். அமைந்திருக்கும் இடத்திலும் அகராதி அதைக் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சொல்லின் பிறப்பையும் பார்த்துவிடலாம். ‘அபேட்’ என்றால் குறைதல், தணிதல். அதன் தலையெழுத்து உதிர்ந்து ‘பேட்’ ஆனது. ஆங்கிலத்தில் இப்படி முதல் உயிரை உதிர்ப்பது சகஜம்: ‘அக்யூட்’ தேய்ந்துதான் ‘க்யூட்’. ‘அபேட்’ வந்தது பழைய பிரெஞ்சிலிருந்து, அங்கே பொருள் அடித்து வீழ்த்துதல். அதற்கும் பின்னால் அடித்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினை. அதே வேரிலிருந்துதான் ‘பேட்டில்’, ‘பேட்டரி’, ‘டிபேட்’ எல்லாம் கிளைத்தன. காந்தி ஜெயந்திக்குக் கதர்க் கடையில் கேட்டு வாங்குகிறோமே ‘ரிபேட்’, அதுவும் இந்தக் குடும்பம்தான். விலையில் குறைத்தால் ரிபேட், மூச்சில் குறைத்தால் பேட்டட்.

ஷேக்ஸ்பியர் காலத்தில் இந்த வினை தனியாக நடமாடியது. ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில் தொந்தி பெருத்த ஃபால்ஸ்டாஃப், நான் ‘பேட்’ ஆகவில்லையா, வற்றிப்போகவில்லையா, தோல் கிழவியின் தொளதொள கவுன் மாதிரி தொங்குகிறதே என்று பார்டால்ஃபிடம் புலம்புவார். (அந்த உடம்பை வைத்துக்கொண்டு!) ஹாம்லெட்டும் ஒரு நொடிகூடக் குறைக்காமல் என்ற பொருளில் இதே சொல்லை ஆள்கிறான். பிறகு வினை வழக்கொழிந்தது. மூச்சோடு ஒட்டிய இந்த ஒரு தொடரில் மட்டும் சொல் தங்கிவிட்டது.

தங்கியதே தவிர, பொருள் அப்படியே இருக்கவில்லை. 1876-இல் வெளிவந்த மார்க் ட்வெய்னின் ‘டாம் சாயர்’ நாவலில், நீதிமன்றத்தில் சிறுவன் டாம் சாட்சி சொல்ல, கூட்டம் வாய் பிளந்து, ‘பேட்டட்’ மூச்சோடு, நேரம் போவது தெரியாமல் கேட்கிறது. அங்கே அடிமைத்தனம் இல்லை, ஆர்வம்தான். பயந்து அடக்கிய மூச்சு ஆவலில் அடங்கிய மூச்சாக மாறிவிட்டது. நீங்கள் தருவது இந்த இரண்டாவது பொருளை. அதிலும் ஒரு சின்னத் திருத்தம்: மூச்சைப் பிடிப்பது என்றால் நிறுத்துவது. ‘பேட்டட்’ மூச்சு நிற்பதில்லை, சன்னமாகிறது, அவ்வளவுதான். ‘மூச்சடக்கி’ என்று போட்டால் நெருங்கி வரும்.

அப்புறம் எழுத்துப்பிழை விவகாரம். வேர் மறந்துபோனதால் ஆங்கிலேயர்களே நடுவில் ஒரு ‘ஐ’ எழுத்தைச் செருகி, தூண்டில் இரையைக் குறிக்கும் ‘பேட்’டோடு (bait) குழப்பிக்கொள்கிறார்கள். அந்த ‘பேட்’ ஸ்காண்டிநேவிய வழி வந்தது, கடித்தலோடு தொடர்புடையது, இதற்கு உறவே இல்லை. உச்சரிப்பு ஒன்றாக இருப்பதால் காது காப்பாற்றாது. தமிழில் எழுதினாலும் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும். இந்தக் குழப்பத்தை வைத்து ஜெஃப்ரி டெய்லர் என்ற கவிஞர் ஒரு குறும்பாட்டே எழுதினார். பாலாடைக்கட்டியை விழுங்கிய பூனை ஒன்று எலி வளைகளுக்குள் தன் மூச்சை ஊதி, அந்த வாசனையையே இரையாக்கி எலிகளை வரவழைக்கும். அந்தப் பூனை ஒன்றுக்குத்தான் ‘ஐ’ போட்டு எழுத உரிமை உண்டு!

எனவே அடுத்த பதிப்பில் இந்தப் பதிவை இப்படி அமைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலில், ‘குறைக்கப்பட்ட, அடக்கிய’ என்ற வேர்ப்பொருள். அடுத்து, பழைய வழக்காக, ‘வலியவர் முன் கைகட்டி வாய்பொத்தி’. பிறகு இன்றைய வழக்காக, ‘ஆவலில் மூச்சடக்கி’. தவறாக ‘ஐ’ போட்டுத் தேடுகிறவரை இங்கே திருப்பிவிட ஒரு ‘காண்க’ குறிப்பு. ‘அன்அபேட்டட்’ (குறையாத) என்ற சொல்லின் பதிவிலும் இதற்கு ஒரு சுட்டு கொடுத்துவிட்டால் மாணவர்கள் இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்வார்கள். அச்சுப் புத்தகத்தில் நாலு வரி கூடுதலாகும், பக்கம் கூடாது. இணையப் பதிப்பு வைத்திருப்பவர்கள் மறுபதிப்பு வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கில நாடகம் படிக்கும் ஒரு வாசகர்