மலைக்குப் போக அத்தனை மூட்டை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மோட்டார் சைக்கிளில் கூடாரத்தோடு நீண்ட பயணம் போவது பற்றிச் சென்ற வாரம் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். அதில் உள்ள பட்டியலில் மடக்கு நாற்காலி, இரண்டு சட்டிகள், ஐந்து நாளுக்கு அரிசி, பருப்பு என்று ஒரு வீடே இருக்கிறது. ஆளில்லாத பாலைவனத்தைத் தாண்டுகிறவருக்கு அது சரி. நம் இலங்கை மலையகத்தில் சுற்றுகிறவருக்கு அதில் பாதிக்கு மேல் வேண்டாம்.

நம்மிடம் ஓடுவது பெரும்பாலும் 100 முதல் 150 சிசி வண்டிகள். ஓட்டுகிறவரையும் சேர்த்து அவை தாங்கும் சுமைக்கு ஓர் எல்லை உண்டு. பின்னால் இன்னொருவர் ஏறிவிட்டால் மூட்டைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு எண்பது கிலோமீற்றருக்குள் 1300 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். கரியரில் உயரமாகக் கட்டிய மூட்டை பின்சில்லுக்கும் பின்னால் தொங்கினால், றம்பொடை வளைவுகளில் முன்சில்லு லேசாகி ஹாண்டில் ஆட்டம் காணும். இறக்கத்தில் அதைவிட வில்லங்கம். சுமை கூடக்கூட பிரேக் சூடாகி, பிடிப்புக் குறைந்துவிடும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதிலேயே இறங்குவதுதான் நல்லது. பாரமான சாமான்களைத் தாழ்வாக, ஓட்டுகிறவரின் முதுகை ஒட்டிக் கட்ட வேண்டும். கொழுந்துக் கூடையை நம் அம்மாமார் முதுகோடு ஒட்டித்தான் சுமக்கிறார்கள், தள்ளித் தொங்கவிடுவதில்லை.

சாப்பாட்டுக்கு இங்கே கவலையே இல்லை. ஹட்டன், தலவாக்கலை, வெலிமடை, பண்டாரவளை என்று வழியெல்லாம் ஊர்கள். அந்தியில் ரொட்டியும் சம்பலும் பார்சல் கட்டிக்கொண்டால் முடிந்தது. தேத்தண்ணிக்கு மட்டும் ஒரு சின்ன அடுப்பும் ஒரு கோப்பையும் போதும். வண்டிச் சாமான்களும் அப்படித்தான்: பங்சர் ஒட்டும் சாமான், ஒரு பிளக், ஒரு கிளட்ச் கேபிள். புதுக் கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே ஓடவிட்டுக் கட்டி வைத்தால் பையில் இடமும் பிடிக்காது, அறுந்தால் மாற்றுவதும் சுலபம். மிச்சத்தை ஊர் கராஜ்களில் பார்த்துக்கொள்ளலாம்.

எதைக் குறைத்தாலும் உறங்கும் உடுப்பைக் குறைக்கக் கூடாது. கட்டுரையில் இதற்கு ஒரே ஒரு வரிதான். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் புல்லில் உறைபனி கிடக்கும். ஓட்டுவதற்கு ஒரு சோடி, உறங்குவதற்கு ஒரு சோடி. உறங்குவதை மழையில் வெளியே எடுக்கவே கூடாது. காலையில் ஈர உடுப்பை மறுபடி மாட்டுவது கொடுமைதான், ஆனால் இரவில் நடுங்காமல் உறங்கியிருப்பீர்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், அந்தக் குளிரில் அது காய்வதற்குள் பயணமே முடிந்துவிடும். மேலே எத்தனை போர்த்தினாலும் குளிர் தரையிலிருந்துதான் ஏறும், அதனால் விரிப்பு முக்கியம். விலை கூடிய நீர்புகாப் பைக்குப் பதிலாக யூரியாப் பைக்குள் இருக்கும் பொலித்தீனைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்துப் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கும் ஒன்று இருக்கட்டும். பகலில் மூட்டையை மூடும், இரவில் கூடாரத்துக்கு அடியில் கிடக்கும்.

அப்புறம், மாதத்தைப் பார்த்துப் பாதையைத் தெரிவு செய்தாலே பை சிறுத்துவிடும். யூன், யூலையில் கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் மழை ஊற்றும்போது, பதுளை, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். ஆனால் அங்கே கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று கூடாரத்தைப் பிடுங்கும், முளைகளில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். (ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் வருவதே அந்தக் காற்றினால்தான்!) திசெம்பர், சனவரியில் நிலைமை தலைகீழ், பதுளைப் பக்கம் மழை. ஒக்டோபர், நவம்பரில் இரு பக்கமும் நம்ப முடியாது. அந்த மாதங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது, மண் வெட்டிய சரிவுக்குக் கீழே கூடாரம் அடிக்கவும் கூடாது.

கட்டுரையில் விடுபட்ட ஒன்று, எங்கே தங்கலாம் என்பது. ஹோர்டன் சமவெளி தேசியப் பூங்காவில் முகாமிட வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பொலித்தீனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், ஆகவே அந்தப் பக்கம் போகிறவர்கள் நான் சொன்ன யூரியாப் பையை நம்ப வேண்டாம். தேயிலை மலையில் தங்குவதென்றால் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டாக வேண்டும். யாரிடம், எப்படி, எத்தனை நாள் முன்னதாக விண்ணப்பிப்பது என்று உங்கள் கட்டுரையாளர் விசாரித்து எழுதினால், இந்த விடுமுறைக்குக் கிளம்பக் காத்திருக்கும் பல பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பண்டாரவளை