ஈட்டிப் பலகை வளைந்த கதை

கால்கரி,
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லையா? போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் மரத்தைக் காட்டிக் காட்டிப் பேசியது எதுவும் உங்கள் காதில் விழவில்லை என்று அண்ணி அப்புறம் சொன்னார்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கயலுக்கு ஒரு கிதார் செய்துகொண்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள். பட்டறைக்குக் கூப்பிட்டால் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடியவன்தான். கடையில் வாங்கிய கிதார் அவளைவிடப் பெரிதாக இருக்கிறது, விரலும் எட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு கிதார் செய்கிறார். "சின்னதாக ஒன்று செய்யலாம், ஆனால் நீதான் செய்யணும்" என்றார். சனிக்கிழமை இரவுகளில் வாசல் பனியைத் தள்ளிவிட்டு அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் இறங்கிவிடுகிறேன்.

பெரிய கிதாரில் கம்பி அதிரும் நீளம் 25.4 அங்குலம் என்றால் இதில் 21.4. உடம்பின் அகன்ற இடமே ஒரு சாணும் இரண்டு அங்குலமும்தான். நீளம் குறைவதால் அதே சுருதிக்குக் கம்பியை அவ்வளவு முறுக்க வேண்டாம். இழுப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. பிள்ளை விரலுக்குச் சுகம். ஆனால் தொளதொளவென்று போய்விடாமல் இருக்கக் கொஞ்சம் தடித்த கம்பி போடணும்.

முன்பலகை ஸ்புரூஸ், இந்தப் பக்கத்து மரம். முதுகும் பக்கப் பலகையும் என்ன தெரியுமா? ஈட்டி! நம் மலை ஈட்டியேதான். ஈட்டியின் இனத்து மரமான பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கஷ்டமானதும், 1969 வாக்கில் அமெரிக்காவில் கிதார் செய்யும் மார்ட்டின் கம்பெனி இதற்கு மாறியதாம். நீங்கள் பீரோ செய்த மரத்தை இங்கே 2 மில்லிமீட்டருக்கு இழைத்து வைத்திருக்கிறார்கள். பலகையை நனைத்து, உள்ளே சூடேற்றிய இரும்புக் குழாயின்மேல் வைத்து மெல்ல ஆட்ட வேண்டும். தண்ணீர் சுர்ரென்று ஆவியாகும். கொஞ்ச நேரம் விறைப்பாகவே நிற்கும். அழுத்தினால் இடுப்பு வளைவில் பட்டென்று ஒடிந்துவிடும். திடீரென்று ஒரு கணம், ஈரத்தோல் மாதிரி கைக்குள் தளர்ந்து கொடுக்கும். அப்போது கிளம்பிய வாசனை, பெரியப்பா வீட்டு நிலைக்கதவு செய்த வருஷம் பட்டறையில் அடித்த அதே வாசனைதான். கைவிரலெல்லாம் ஊதா.

இங்கே பாட்டில் பசை எத்தனையோ இருந்தும், பெரியவர் முன்பலகைக்கு வச்சிரம்தான் காய்ச்சுகிறார். உள்விளிம்புப் பட்டியை ஒட்ட, டாலர் கடையில் இரண்டு பாக்கெட் துணிக் கிளிப் வாங்கினோம். டிரையரில் துணி காயும் ஊரில் இதற்காகவாவது யாரோ கிளிப் விற்கிறார்களே.

தப்பும் பண்ணினேன். கழுத்தின் மேல்பலகையில் சுரங்களைப் பிரிக்கக் குறுக்கே பதிக்கும் மெல்லிய உலோகச் சட்டங்களின் இடத்தைக் குறிக்க, கம்பியின் மீதி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817-ஆல் வகுக்கணும். முதல் சட்டம் 30.5 மில்லிமீட்டரில் வரும், அடுத்தது அதிலிருந்து 28.8. நான் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு என்று நகர்த்திக்கொண்டே போனேன். பன்னிரண்டாவது சட்டம் சரிபாதியில் விழாமல் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப்போயிற்று. எல்லா அளவையும் ஒரே முனையிலிருந்து எடுக்கணும் என்று நீங்கள் எத்தனை தடவை திட்டியிருப்பீர்கள்! ஒரு கருங்காலிப் பலகை போச்சு.

ஜனவரியில் இன்னொன்று. வெளியே மைனஸ் 28, வீட்டுக்குள் ஹீட்டர். காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. வீட்டில் காட்டலாமென்று முன்பலகையை எடுத்து வந்து ஒரு வாரம் மேஜைமேல் விட்டிருந்தேன். அடியில் தாங்கலுக்குக் குறுக்கு மரச்சட்டங்கள் ஒட்டியிருந்ததால் சுருங்க வழியில்லாமல், கீழ்விளிம்பிலிருந்து நாலு அங்குலத்துக்கு வெடித்துவிட்டது. பெரியவர் திட்டவில்லை. ஈரப் பஞ்சோடு பெட்டிக்குள் இரண்டு நாள் வைத்தார். விரிசல் தானாக மூடியது. வச்சிரத்தை விரலால் தேய்த்து உள்ளே இறக்கி, பின்பக்கம் மர ரேகைக்குக் குறுக்கே சின்னச் சின்னச் சில்லுகள் ஒட்டினோம். கோடு தெரிகிறது. தெரியட்டும்.

உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு கதை வைத்திருக்கிறேன். அந்த மார்ட்டின் குடும்பம் ஜெர்மனியில் தச்சர் சங்கத்தைச் சேர்ந்தது. கிதார் செய்வது எங்கள் உரிமை, மரச்சாமான் செய்கிறவனுக்கு என்ன தெரியும் என்று வயலின் செய்கிறவர்கள் வழக்குப் போட்டார்களாம். அந்த இழுபறிக்குப் பிறகு 1833-ல் மகன் நியூயார்க்குக்குக் கப்பலேறிவிட்டார். வழக்குப் போட்டவர்களைப் பற்றி நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். கடிதத்தில் எழுத முடியாது.

இன்னும் கழுத்து செதுக்கணும். இங்கே கிடைக்கும் இழைப்புளி என் கைக்குச் சரிப்படவில்லை. பரண்மேல் தாத்தாவின் கைக்கடக்கமான இழைப்புளி இருக்குமே, ஒரு மூலை உடைந்தது. சித்தி மகன் ஏப்ரலில் வருகிறான். அவனிடம் கொடுத்தனுப்புங்கள். அலகைத் தீட்ட வேண்டாம், நானே தீட்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்
செல்வம்