தூங்க மறுக்கும் லேப்டாப்

அன்புள்ள மாப்ளே,

பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்தடித்ததற்குத் திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் நலம். நம் கூட்டாளி ‘மந்திரி’க்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம். இந்தத் தடவையாவது நடக்கட்டும்.

உன் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு நின்றுவிட்டது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததால் விண்டோஸ் 11 ஏறாது, அதனால் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போடப்போகிறேன் என்றிருக்கிறாய். அவசரப்படாதே. லினக்ஸ் போட்ட என் புது லேப்டாப் என்னைப் படுத்தும் பாட்டைக் கேட்டுவிட்டு முடிவெடு.

‘வைஃபை வருதா?’ என்று ஆரம்பிப்பாய், தெரியும். வருகிறது. லினக்ஸ் வகைகளில் கறாரான டெபியனே 12ஆம் பதிப்பிலிருந்து மூடிய ஃபர்ம்வேரையும் (சிப்புக்குள் ஏற்றவேண்டிய, மூலநிரல் வெளியிடாத மென்பொருள்) சேர்த்துத்தான் தருகிறது. இன்னொரு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் சுமந்துவரும் அவதி பெரும்பாலும் போயிற்று. பிரிண்டரும் டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) எதுவும் கேட்காமலே அச்சடித்தது. விரல்ரேகைதான் வேலை செய்யவில்லை. போகட்டும், கடவுச்சொல் என்ன கசக்கவா செய்கிறது!

தூக்கம்தான் வரவில்லை. எனக்கில்லை, அதற்கு. மூடியைச் சாத்திப் பைக்குள் வைத்துவிட்டுப் பிறகு எடுத்தால், அடிப்பாகம் கொதிக்கிறது, பேட்டரி காலி. எந்தவகைத் தூக்கம் உண்டு என்று காட்டும் மெம்_ஸ்லீப் என்ற கோப்பைத் திறந்து பார்த்தேன். சதுர அடைப்புக்குள் ‘எஸ்2ஐடில்’ என்று ஒரே ஒரு சொல். பழைய லேப்டாப்பில் பக்கத்திலேயே ‘டீப்’ என்று இன்னொன்றும் இருக்கும். அதுதான் நமக்குப் பழகிய எஸ்3 தூக்கம்: நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம், மற்றதெல்லாம் அணைந்துவிடும். புது இயந்திரங்கள் பலவற்றில் அதை எடுத்தே விட்டார்கள். எஸ்2ஐடில் என்ற இப்போதைய ஏற்பாட்டில் எதுவும் முழுதாக அணைவதில்லை. ஒவ்வொரு பாகமும் தானாகச் சக்தியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு பாகம் அடம்பிடித்தாலும் பிராசஸரால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போக முடியாது. கூட்டுக் குடும்பத்தில் ஒருத்தர் விளக்கை அணைக்காத கதைதான். என் லேப்டாப்பில் அந்த ஒருத்தர் யார் என்று இன்னும் பிடிபடவில்லை. தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி மேல் சந்தேகம்.

இன்னொரு கூத்து கேள். கணினியை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருளான பயாஸை எழுதுகிறவர்களில் பலர் விண்டோஸில் மட்டும்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். அதனால் ‘நீ விண்டோஸா?’ என்று பயாஸ் கேட்டால் லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் ஆமாம் என்கிறது. ‘நீ லினக்ஸா?’ என்றால் இல்லை என்கிறது! பிழைப்புக்காகச் சொல்லும் பொய். உண்மையைச் சொன்னால் யாரும் சோதிக்காத பாதையில் போய் மாட்டிக்கொள்ளும்.

சிரித்தாலும் எனக்குக் கர்னல் எழுதுகிறவர்கள்மேல் கோபமில்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிக்கொண்டிருந்த லினக்ஸை முதன்முதலாக அறிவித்தபோதே, ‘ஏடி வகை ஹார்ட்டிஸ்க் தவிர வேறெதையும் இது ஆதரிக்காமலே போகலாம், என்னிடம் இருப்பது அதுதான்’ என்றார். இன்றைக்குப் பெரிய நிறுவனங்கள் பல தாங்களே டிரைவர் எழுதித் தருகின்றன. தராத இடத்தில் அதே கதைதான். பொருள் யார் கையிலாவது போய்ச் சேர்ந்து, அவர் பொறுமையாகத் தோண்டி எழுதினால்தான் டிரைவர். அதற்குக் காலம் பிடிக்கும்.

உன் பழைய பெட்டிக்கு அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது, மாப்ளே. நீ வேண்டாமென்று ஒதுக்குவதுதான் லினக்ஸுக்குத் தோதான இயந்திரம். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்: அதில் பழைய என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், நிறுவனத்தின் டிரைவர் அந்தத் தலைமுறையைக் கைவிட்டிருக்கலாம். லினக்ஸ்காரர்களே எழுதிய நூவோ டிரைவர் படம் காட்டும், விளையாட்டுக்கு ஆகாது. நீ விளையாடிக் கிழித்தது எனக்குத் தெரியாதா!

உன் லேப்டாப்பின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் மாடல் பெயரை நம்பாதே. ஒரே பெயரில் வேறு வேறு வைஃபை சிப் வைத்து விற்கிறார்கள். முதலில் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார். ஹார்ட்டிஸ்கில் எதையும் தொட வேண்டாம். ஒலி, கேமரா, வைஃபை எல்லாம் பார்த்துவிட்டு மூடியைச் சாத்தித் திற. திரை திரும்ப வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அப்புறம் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (உள்ளே என்னென்ன சிப் இருக்கிறது என்று பட்டியலிடும் கட்டளை) அடித்து வருவதை அப்படியே எனக்கு அனுப்பு. வழக்கம்போல் பாதியை வெட்டிவிட்டு அனுப்பாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்