வலியோடு அச்சத்தையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுநீரகக் கல் சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கல்லின் அளவு, தண்ணீர் அருந்தும் பழக்கம், உணவு எல்லாம் தெளிவாக இருந்தன. நோயாளியின் மனநிலை பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. வலி என்பது உடலும் மனமும் சேர்ந்து உணர்வது என்று அனைத்துலக வலி ஆய்வுச் சங்கம் 1979ஆம் ஆண்டிலேயே வரையறுத்துவிட்டது. உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலையைச் செலுத்திக் கல்லை உடைக்கும்போது பலர் விழித்தே இருப்பர். பயந்த மனத்துக்கு அதே அதிர்வு கூடுதலாக வலிக்கும். வலியில் உடல் அசைந்தால் அலையின் குறியும் கல்லைவிட்டு விலகும்.

என் தந்தைக்கு இச்சிகிச்சை இருமுறை நடந்தது. முதல்முறை அதிர்வலைக் கருவியின் ‘டக் டக்’ ஓசையிலேயே வெலவெலத்துப் போனார். மெத்தை விளிம்பை இறுகப் பற்றியதில் விரல்கள் சிவந்திருந்தன. மறுமுறை தாதி ஒருவர் முன்கூட்டியே, “ரப்பர் பேண்டால சுண்டுற மாதிரி இருக்கும் அங்கிள், தாங்க முடியலன்னா சொல்லுங்க, நிறுத்திடுவோம்” என்று தமிழில் விளக்கினார். முடிந்து வெளியே வந்தவர், “இந்தத் தடவை அவ்வளவா வலிக்கல” என்றார். வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கும் நம் சிங்கப்பூர் மருத்துவமனைகள், சிகிச்சைக்கு முன் அச்சத்துக்கும் அவ்வாறே கேட்கலாம். அந்த ஓசையின் ஒலிப்பதிவை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் விளக்கத்தோடு முன்னரே கேட்க வைக்கலாம். விரும்புவோர் பாட்டுக் கேட்கக் காதொலிக் கருவியும் தரலாம்.

வாசகி, ஈசூன்