எட்டாம் மாதத்துச் செருப்பு: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

"தினமும் பார்த்து நட, பார்த்து நடன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்கேன் அக்கா" என்று போனில் சொன்னாய். உன் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் எட்டு மாதக் கர்ப்பத்தில் உன் மனைவிக்குத் தன் பாதமே தெரியாது, வயிறு மறைத்துவிடும். நம் சுங்கை சிப்புட் டவுனில் ஐந்தடி நடைபாதை கடைக்குக் கடை ஒரு படி ஏறும், அரைப்படி இறங்கும். மழை பெய்தால் அந்த டைல்ஸ் கண்ணாடிதான். இதில் அவள் எதைப் பார்த்து நடப்பாள்? சொல்வதை நிறுத்திவிட்டு, அவள் காலில் போட்டிருப்பதை மாற்று. அது உன்னால் முடிகிற காரியம்.

கர்ப்பத்தில் ஏறும் எடை பெரும்பாலும் முன்பக்கம்தான் சேர்கிறது. உடம்பின் பாரம் முன்னால் தள்ளுவதால், அதைச் சமாளிக்க அவள் இடுப்பை வளைத்துப் பின்னால் சாய்கிறாள். காலை அகட்டி வைத்து, எட்டு வைக்கும் தூரத்தைக் குறைத்து, இரண்டு பாதமும் தரையில் படும் நேரத்தைக் கூட்டிக்கொள்கிறாள். அவள் நடையை யாராவது கேலி செய்தால் நிறுத்தச் சொல். விழாமல் இருக்க உடம்பு தானே கண்டுபிடித்த வழி அது.

பாதமும் மாறுகிறது. மூட்டுகளைக் கட்டியிருக்கும் நார்கள் கர்ப்ப கால ஹார்மோன்களால் நெகிழ்கின்றன, மேலே எடை அழுத்துகிறது, உள்ளங்கால் வளைவு தாழ்கிறது. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் 49 பெண்களின் பாதத்தை அளந்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பலருக்குப் பாதம் 2 முதல் 10 மில்லிமீட்டர் வரை நீண்டிருந்தது, அதுவும் குழந்தை பிறந்து பல மாதம் கழித்து அளந்தபோது. அதனால் கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பு அவளுக்கு இறுகுகிறது என்றால், சாயங்கால வீக்கம் மட்டும் காரணமில்லை.

இப்போது அவள் எங்கே போனாலும் மாட்டிக்கொள்வது ஜப்பான் சிலிப்பர், அந்த விரல் இடுக்கில் மாட்டும் ரப்பர் செருப்பு. குனியாமல் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் காரணம். ஆனால் பின்னால் பிடிப்பில்லாததால், கழன்று போகாமல் இருக்க விரல்களால் இறுக்கிக்கொண்டே நடக்க வேண்டும். ஏற்கெனவே தடுமாறும் காலுக்கு இது கூடுதல் வேலை. அடி தேய்ந்துபோனதாக இருந்தால் உடனே குப்பையில் போடு.

அம்மா பால்மரக் காட்டுக்குப் போட்டுப்போன கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதுதான் எல்லாரும் கம்போங் அடிடாஸ் என்று சொல்வது, சேற்றில் நல்ல பிடிப்பு. செம்பனைக் காட்டில் அதற்கு இணை இல்லை. ஆனாலும் வீங்கிய பாதத்துக்கு அது குறுகல், காற்றும் போகாது. இவளுக்கு வேண்டாம்.

வாங்க வேண்டியது இதுதான். முன்பக்கம் அகலமாக, குதிகாலைப் பிடிக்கும் பட்டையோடு, அடியில் வரிவரியாகப் பிடிப்போடு இருக்கட்டும். பட்டையைத் தளர்த்தி இறுக்க முடிந்தால் நல்லது. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலமான குதி இருக்கலாம். குச்சிக் குதி வேண்டாம், மாமா மகள் கல்யாணத்துக்குக்கூட. அது பாரத்தை இன்னும் முன்னால் தள்ளும். பாதம் வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் கூட்டிப்போ, இரண்டு காலிலும் போட்டு நடந்து பார்க்கட்டும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விலை பார்த்து நீயாக ஒன்றை வாங்கி வந்துவிடாதே.

"குனிந்து பட்டை மாட்ட முடியாதே" என்பாள். அதற்குத்தான் நீ இருக்கிறாய். வேலைக்குப் போகுமுன் நீ மண்டியிட்டு மாட்டிவிடு. அதைப் பார்த்து பக்கத்து வீட்டில் ஏதாவது சொன்னால் சொல்லட்டும்.

அப்புறம், வீட்டுக்குள் எல்லாரும் வெறுங்காலோடுதான் இருக்கிறோம். காய்ந்த தரையில் அது சரி, குளியலறையில்தான் பயம். சோப்புத் தண்ணீர் தேங்காமல் தேய்த்துக் கழுவி, சுவரில் ஒரு கைப்பிடி அடித்துக் கொடு. அமெரிக்காவில் பிரசவித்த பெண்களிடம் கேட்டு எடுத்த ஒரு கணக்கில், ஏறக்குறைய நாலில் ஒருத்தி கர்ப்ப காலத்தில் விழுந்திருக்கிறாள். வழுக்குத் தரை, அவசரம், கையில் சுமை, இந்த மூன்றும்தான் அதிகம். துணி வாளியை அவள் தூக்க வேண்டாம்.

எந்தச் செருப்பாலும் தீராதவையும் உண்டு. முகமும் கையும் திடீரென்று வீங்கினாலோ, விடாமல் தலை வலித்தாலோ, கண் மங்கினாலோ அது இரத்த அழுத்தமாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தம் கட்டியிருக்கலாம். அவள் விழுந்துவிட்டால், குறிப்பாக வயிற்றில் அடிபட்டால், வலி இல்லை என்று சொன்னாலும் காட்டிவிடு. இரத்தம் கசிந்தாலோ, பனிக்குடத் தண்ணீர் போனாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, முன்னே சொன்ன எதுவும் வந்தாலோ அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காதே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி கொடுத்த, செக்கப் விவரம் எழுதும் பிங்க் புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே கடைக்குப் போய்விடு. பணம் முட்டினால் சொல், நான் அனுப்புகிறேன். வளைகாப்புக்கு நான் தருவதாக இருந்த சேலை குழந்தை பிறந்த பிறகு வரட்டும்.

அன்புடன்,
அக்கா