வெட்டுப்புள்ளி வருமுன் இதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நிலாவெளி வீதியில் சின்னதாக ஒரு கொமினிகேஷன், அதாவது போட்டோக்கொப்பிக் கடை, வைத்திருக்கிறேன். ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டால் போட்டோக்கொப்பி மெஷினுக்கும் எனக்கும் ஓய்வில்லை. பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பப் பிள்ளைகளோடு தாய் தகப்பனும் வருவார்கள். இடம் கிடைக்க இசட் புள்ளி (பல்கலைக்கழகத் தெரிவுக்கான புள்ளி) காணுமா என்பதுதான் அவர்களுடைய ஒரே கேள்வி. செலவைப் பற்றிக் கேட்டால், "கெம்பஸ் இலவசம்தானே" என்பார்கள்.

படிப்புக்குக் கட்டணம் இல்லை, சரி. ஆனால் பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ இடம் கிடைத்தால் போடிங், சாப்பாடு, லீவுக்கு வந்துபோகிற பஸ் காசு எல்லாம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். மகாபொல உதவித்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. அது கிடைக்காத வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பர்சரி என்ற உதவித்தொகை இருக்கிறது. அதுவும் 4,000இலிருந்து 6,500 ஆனது. இன்றைய விலைவாசியில் போடிங் காசுக்கே இது இழுபறிதான். அதையும் வருமான அத்தாட்சி சரியில்லாமல் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. கடலுக்குப் போகிறவரிடம் சம்பளச் சீட்டு ஏது? கடைசி நாளில் கிராம சேவகரைத் தேடி ஓடுவார்.

இன்னொன்று. வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தைப் பலர் விருப்ப வரிசையின் அடியில் தள்ளிவிடுகிறார்கள். சித்த மருத்துவப் பட்டம்கூட அங்கே இருக்கிறது. தூரத்துக் கெம்பஸ் என்றால்தான் மதிப்பு என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது.

இடம் கிடைக்காத பிள்ளைகளின் கதைதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. போன வருசம் ஒரு தகப்பன் மனைவியின் நகையை அடகு வைத்து மகளை ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்த்தார். அது டிகிரி இல்லை, டிப்ளோமா என்பது இரண்டாம் தவணை கட்டும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அரசாங்கமே வட்டியைப் பொறுப்பேற்கும் மாணவர் கடனுக்கு ஏதும் வழியுண்டா என்று என்னிடம் வந்தார். அந்தக் கடன் அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்புகளுக்கு மட்டும்தான். நான் என்ன சொல்ல?

அந்த மகள் இதே ஊரில் உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் முழுநேர உயர் தேசிய டிப்ளோமாவைக் கட்டணமில்லாமல் படித்திருக்கலாம். இங்கிலீஷ் மீடியம் என்றதும் பிள்ளைகள் பின்வாங்குகிறார்கள், அது வேறு கதை. ஆசிரியராக விரும்புகிறவர்களுக்குத் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. விடுதியும் உண்டு, மாதப் படியும் உண்டு.

எந்தப் படிப்புக்குக் குறைந்தது எத்தனை புள்ளி வேண்டும் என்று காட்டும் வெட்டுப்புள்ளிப் பட்டியலுக்கு முழுப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதற்கு முன்னால், விண்ணப்பக் காலத்திலேயே ஒரு அரைப்பக்கம் தாருங்கள். எங்கே கட்டணம் இல்லை, எங்கே உண்டு, எந்த உதவிக்கு எந்தக் கந்தோரில் எந்தக் கடிதம் வாங்க வேண்டும், ஒரு தனியார் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று யாரிடம் கேட்பது, இவ்வளவும் போதும். அதை வெட்டி என் கடைக் கண்ணாடியில் ஒட்டுகிறேன். கேட்கிறவர்களுக்குக் கொப்பியும் எடுத்துக் கொடுப்பேன், அதற்கு மட்டும் காசு வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை