ரவி சகரியாஸ் புத்தகங்களை என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராயபுரம், பெரம்பூர் பக்கம் சில சபைகளின் அலமாரிகளில் ரவி சகரியாஸ் நூல்கள் இன்னும் இருக்கின்றன. 1946இல் சென்னையில் பிறந்து, உலகம் முழுக்கக் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதாடியவர், நம்ம ஊர்க்காரர் என்ற பெருமை வேறு. சரி, அவர் இறந்த மறு ஆண்டு, 2021 பிப்ரவரியில், அவருடைய ஊழிய அமைப்பே அமர்த்திய வழக்கறிஞர்கள் தந்த அறிக்கையை எத்தனை பேர் படித்தோம்? மசாஜ் வேலை செய்த பெண்களிடம் பல ஆண்டுகள் அத்துமீறியிருக்கிறார், அவர்களில் ஒருவரிடம், வெளியே சொன்னால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் கெட்டுப்போவதற்கு நீதான் பொறுப்பு என்று மிரட்டியதாக அந்தப் பெண்ணே சொல்லியிருக்கிறார். படித்தபோது வயிறு எரிந்தது.

"வேதாகமத்தில் தாவீது ராஜாவும்தான் பாவத்தில் விழுந்தார்" என்கிறார்கள் அவருக்காகப் பேசுபவர்கள். தீர்க்கதரிசி நாத்தான் முகத்துக்கு நேரே கேட்டதும் தாவீது பாவஞ்செய்தேன் என்றார். இவரோ 2017இல் புகார் சொன்ன கனடா பெண் மீதே வழக்குப் போட்டார், அமைப்பும் இவர் பக்கமே நின்றது. செத்தவரைப் பற்றிப் பேசாதே என்பவர்கள், உயிரோடு இருக்கும் அந்தப் பெண்களைக் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

அவர் வாதங்கள் சரியாகவே இருக்கலாம், அதை வேறு ஆசிரியர்களிடமும் படிக்கலாம். வாலிபர் கூட்டங்களில் அந்த நூல்களைப் பரிசாகக் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். அப்புறம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு வேண்டும் என்கிறது, பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், நம் சபை அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் அது இருக்கிறதா என்று போதகர்கள் இந்த ஞாயிறே அறிவிக்கட்டும்.

ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை